மயன் கட்டாத சாலை

முப்பதுகளின் நடுவில் நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் வந்து அடையாற்றில் தங்கியிருக்கிறார், மெக்சிகோ தேசத்துக் காட்டுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு பழைய ஊரைப் பற்றிப் படம் காட்டிப் பேசப் போகிறார், அவர் இங்கிலீஷில் சொல்வதை உடனுக்குடன் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும், அது நீதான் என்றார். சம்மதமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

காரணம் எங்கள் பாடப்புத்தகம். அதில் அமெரிக்கா கொலம்பஸின் கப்பலோடு தொடங்கும். அதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி: செவ்விந்தியர் என்னும் வேட்டுவர் வசித்து வந்தனர். வருஷா வருஷம் அந்த வரியை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு கண்டம் முழுக்க இருந்த ஜனங்களை ஒரு வரியில் முடித்துவிட்டுக் கப்பலைப் பற்றி நாலு பக்கம் படிக்கிறோமே என்று தோன்றும். பெண்கள் யாரும் கேட்டதில்லை. நானும் சொல்ல வேறொன்றும் அறியாதவளாகத்தான் இருந்தேன்.

பேச்சை ஏற்பாடு செய்தது மயிலாப்பூரில் இருந்த ஒரு சங்கம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். அதன் தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல். நன்றாகப் படித்தவர், கச்சேரி, கதாகாலட்சேபம், நூல்நிலையம் என்று எதற்கும் முன்னால் நிற்பவர். ஏழைப் பெண்கள் சிலருக்குச் சம்பளம் கட்டிப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனாலேயே பின்னால் நடந்ததெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடையாற்றில் அந்த அம்மாள் ஒரு சிநேகிதியின் பங்களாவில் இருந்தார். பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் போய், இருட்டுவதற்குள் திரும்புவேன். உயரமானவர். வெயிலில் வெந்து, கழுத்தெல்லாம் சுருங்கிப்போன தோல். அந்தக் காட்டில் சில வருஷங்கள் கணவரோடு இருந்து, இடிந்த கட்டடங்களை அளந்து படம் வரைந்தவர். கணவர் காய்ச்சலில் போய்விட்டார் என்பதை ஒரு தரம் சொன்னார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் நாளே அவர் சொன்னது ஒன்று. தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லப்போகிறாராம். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்வாராம். அந்தத் ‘தெரியாது’ என்பதையும் நான் விடாமல் மொழிபெயர்க்க வேண்டுமாம். பங்களாவில் டீ குடிக்க வருகிறவர்களெல்லாம் கடலில் மூழ்கிய கண்டத்திலிருந்து வந்தவர்கள்தானே கட்டினார்கள் என்று கேட்டுக்கேட்டு அவரை ஓய்த்திருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

ஊரின் பெயர் கோபா. நாலைந்து ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. கொலம்பஸ் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் மாயா என்ற ஜனங்கள் கட்டியது. வானத்தைத் தொடுகிற மாதிரி படிக்கட்டுக் கோபுரங்கள், எழுத்து வெட்டிய நடுகற்கள். இவற்றையெல்லாம்விட அந்த அம்மாள் ஆசையோடு சொன்னது சாலைகளைப் பற்றி. ஊரின் நடுவிலிருந்து நாலா திசையிலும் சாலைகள் ஓடுகின்றன. காட்டையும் சதுப்பையும் ஏரியின் ஓரத்தையும் தாண்டி, நூல் பிடித்தாற்போல் நேராக. இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பி, நடுவில் பெரிய கல்லும் சல்லியும் கொட்டி நிரப்பி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மண் போட்டு இறுக்கி மெழுகியிருக்கிறார்கள். சில இடத்தில் முழங்கால் உயரம், தாழ்ந்த இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேல். வெள்ளைச் சாலை என்றுதான் அவர்கள் பாஷையில் பெயர். இத்தனைக்கும் அவர்களிடம் வண்டி கிடையாது, மாடு கிடையாது, குதிரை கிடையாது. மனிதர் நடப்பதற்கு மட்டும் போட்ட சாலை.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதில்தான் எங்களுக்கு முதல் இரண்டு நாள் போயிற்று. பாலம் என்றால் கீழே ஆறு ஓட வேண்டும். அணை என்றால் தண்ணீரைத் தடுக்க வேண்டும். மேடை என்றால் ஒரே இடத்தில் நிற்கிறது. நான் மாம்பலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். தி. நகர் என்று இப்போது எல்லாரும் சொல்கிற அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் ஏரி. தூர்த்து மனை போட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு இன்னும் சரியான சாலை வரவில்லை. மழை வந்தால் அத்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ரயிலுக்குப் போவார். பழைய ஏரிக்கரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊர் முழுக்கச் சேறாக இருக்கும்போது அதன் மேல் மட்டும் கால் நனையாமல் நடக்கலாம். அதைச் சொன்னதும் அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதேதான், அதைக் கல்லில் கட்டி, ஊருக்கு ஊர் இழுத்துக்கொண்டு போனதாக நினைத்துக்கொள் என்றார். கரைச்சாலை என்று முடிவு செய்தோம். கேட்டதும் யாருக்கும் புரியும், வேறு எதையும் ஞாபகப்படுத்தாது.

அடுத்து அவர்களுடைய கூரை. அவர்களுக்கு வளைவு கட்டத் தெரியாது. எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு கல்வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டிக்கொண்டே போய், உச்சியில் ஒரு கல்லை வைத்து மூடிவிடுவார்கள். அந்த அம்மாள் மேஜைமேல் பிஸ்கோத்துகளை அடுக்கிக் காட்டினார். இரண்டு தரம் சரிந்தது. நம்முடைய கோயில்களிலும் இந்த மாதிரி கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். எகிப்திலும் இருக்கிறது, கிரேக்கத்திலும் இருக்கிறது, அதனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டினார்கள் என்று ஆகிவிடாது என்றார். கல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கீழே விழும், விழாமல் நிறுத்துகிற வழியும் எல்லா ஊர்க்காரனுக்கும் ஒரே மாதிரிதான் தோன்றும் என்று சொல்லிவிட்டு, சரிந்த பிஸ்கோத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதியாக வேண்டும். வேலைக்கு வந்ததிலிருந்து புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

பேச்சு நாளன்று விடியற்காலையிலிருந்தே மழை. சாயங்காலம் அக்கா என்னைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அவளுடைய நல்ல பட்டுப்புடவையை எனக்குக் கொடுத்திருந்தாள். அதை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போய் பஸ் ஏறினேன். ஹாலுக்குள் நுழையும்போது பாதம் முழுக்க மாம்பலத்துச் சேறு. பின்பக்கக் குழாயில் கழுவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தலைவரின் குரல் கேட்டது. பேச ஆரம்பித்திருந்தார்.

வரவேற்புரை என்றுதான் அதற்குப் பெயர். அது முடிகிற வழியாக இல்லை. நான் மேடைக்குப் போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைவர் கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல், கண்ணை மூடிக்கொண்டு, அழகாகப் பேசுகிறவர். பாண்டவர்களுக்குச் சபா மண்டபம் கட்டிக் கொடுத்த மயனை வர்ணித்தார். தரை தண்ணீர் மாதிரியும் தண்ணீர் தரை மாதிரியும் தெரிந்த கதையைச் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அந்த மயன் எங்கே போனான் என்று கேட்டார். கீழ்த்திசைக் கடல் தாண்டிப் போனான், போன இடத்தில் தன் பெயரை வைத்தான், அந்த ஜனங்களுக்கு இன்றைக்கும் மாயா என்று பெயர், இதோ கண்ணெதிரே சாட்சி சொல்ல வந்திருக்கிறார் இந்த அமெரிக்க மாது என்று கையை நீட்டினார். ஹாலே அதிரும்படி கைதட்டினார்கள். அந்த அம்மாளும் தன்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்.

உட்கார்ந்ததும் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. மரியாதையாக, ஆனால் தெளிவாக, அப்படி எதுவும் தெரியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றார். அதுதான் அவருடைய முதல் வாக்கியமாக இருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். இந்த ஊரைக் கட்டியவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வெளியிலிருந்து யாரும் வந்து கட்டியதற்கு ஒரு சாட்சியமும் கிடையாது என்றேன்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். “இன்னும் கிடைக்கலேன்னு சொல்றார். கிடைக்கும்” என்றார் சபையைப் பார்த்து. மறுபடியும் கைதட்டல்.

விளக்கை அணைத்தார்கள். படம் காட்டியது ராயப்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். கண்ணாடிப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிற லாந்தர் ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். படங்களைத் துணியில் துடைத்துத் துடைத்துச் சொருகினார். மழை ஈரத்தில் மரச்சட்டம் ஊறிப்போய், படம் இறங்காமல் நின்றது. இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. “டீச்சரம்மா, சட்டம் சிக்கிக்கீது. நீங்க நிறுத்தாம பேசிக்கினு இருங்க, நான் பாத்துக்கறேன்.” முதல் படம் வந்தபோது கோபுரம் தலைகீழாக நின்றது. அதைத் திருப்பிப் போடுவதற்குள் தலைவர் மயனுடைய இன்னொரு கதையைச் சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு சாலை வந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் ஒரு நீண்ட மேடு, கண்ணுக்கெட்டும் தூரம் வரை நேராகப் போகிறது. கரைச்சாலை என்றேன். ஏரிக்கரை மாதிரி, ஆனால் முழுக்கக் கல் என்றேன். முன்வரிசையில் சிலர் தலையாட்டுவது திரையின் வெளிச்சத்தில் தெரிந்தது. புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி.

“கரைச்சாலை என்னத்துக்கு அம்மா? சேதுன்னு அழகான வார்த்தை நம்மகிட்ட இருக்கே” என்றார் தலைவர்.

அவ்வளவுதான். ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சேது என்ற சொல் காதில் விழுந்த பிறகு அந்தப் படத்தில் இருந்த காடும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எல்லாரும் கடலையும் வானரங்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமி பக்கத்தில் இருந்தவளிடம் ராமேஸ்வரம் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் மறுபடியும் கரைச்சாலை என்றேன். சபையில் நாலைந்து குரல் சேது, சேது என்று எனக்கு எடுத்துக் கொடுத்தது. மொழிபெயர்க்கத் தடுமாறுகிறேன் என்று நினைத்து உதவி செய்தார்கள். அந்த அம்மாள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வேறு வார்த்தை சொல்கிறார்கள் என்றேன். நல்ல வார்த்தையா என்றார்.

நடுவில் ஒரே ஒரு நல்ல நிமிஷம் வந்தது. சாலையின் மேல் உருளை வடிவில் பெரிய கல் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. தளத்தை இறுக்க உருட்டிய கல்லாக இருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது என்று அந்த அம்மாள் சொன்னதை நான் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ, “மாம்பலத்துக்கு அத அனுப்பச் சொல்லுங்க” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். அந்த அம்மாளுக்குச் சொன்னதும் அவரும் சிரித்தார். அந்த ஒரு நிமிஷம் எல்லாரும் ஒரே கல்லைத்தான் பார்த்தோம்.

பிஸ்கோத்து வைத்துக் கற்றுக்கொண்ட கூரையைப் பற்றி நான் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். படம் வந்ததும் தலைவர் எழுந்தே விட்டார். “பாருங்கோ, அப்படியே நம்ம கோயில் கட்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” அந்த அம்மாள், கல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் விழும் என்றார். நான் குரலை உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் ஓசையில் அது யார் காதிலும் ஏறவில்லை. ‘தெரியாது’ என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் நான் தெரியாது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தலைவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியில் சில படங்கள் மிஞ்சின. அந்தக் காட்டில் இன்றைக்கும் வாழ்கிற மாயா ஜனங்களின் படங்கள். அவர்களைக் காட்டித்தான் பேச்சை முடிக்க வேண்டும் என்று அந்த அம்மாள் திட்டம் போட்டிருந்தார். நேரமாகிவிட்டது, மழை வலுக்கிறது, வண்டிக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள். மாலை, நன்றியுரை, தேசியப் பாட்டு. லாந்தர் பெரியவர் என்னிடம் வந்து, மிச்சப் படத்தைக் காட்டாமலே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரிடம் மட்டும்தான் நான் ஆமாம், அநியாயம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

திங்கட்கிழமை தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. மயன் வம்சத்தார் அமெரிக்காவில் சேது கட்டியதை அமெரிக்க மாது ஒப்புக்கொண்டதாகப் போட்டிருந்தார்கள். கீழே, அன்னாரது சொற்பொழிவை உபாத்தியாயினி ஒருவர் வெகு திறமையாகத் தமிழ்ப்படுத்தினார் என்று ஒரு வரி. அத்தான் அதைச் சத்தமாக வாசித்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அது பொய் என்றேன். “இன்னாடி இது, பேப்பர்ல உன்னைப் புகழ்ந்து போட்டா உனக்கு ஏன் அழுகை வருது?” என்றாள். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் கைகுலுக்கினார்கள். ஒரு பெண்ணின் தகப்பனார் வாசலில் காத்திருந்து என்னைக் கும்பிட்டார். ஒவ்வொருவரிடமும் இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். என் அடக்கத்தை அவர்கள் மெச்சினார்கள்.

இரண்டு நாள் கழித்து அடையாற்றிலிருந்து ஆள் வந்தது. பங்களாவில் யாரோ பத்திரிகையைப் படித்து அந்த அம்மாளுக்கு அர்த்தம் சொல்லியிருந்தார்கள். போனேன். உட்காரச் சொல்லவில்லை. மேஜைமேல் அந்தப் பத்திரிகை மடித்து வைத்திருந்தது. தெரியாது என்று நான் சொன்ன ஒவ்வொரு தரமும் நீ தமிழில் என்ன சொன்னாய் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன் என்றேன். அப்படியானால் அந்தச் சிரிப்பும் கைதட்டலும் எதற்கு என்றார். விளக்க ஆரம்பித்தேன். தலைவர், சேது, மயன் என்று நான் சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது சப்பைக்கட்டாகக் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பவில்லை. திரும்பி வரும்போது பாலத்தின் மேல் பஸ் நின்றுவிட்டது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் வெள்ளத்தைப் பார்க்க இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

மறுநாள் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த உதவி ஆசிரியர் மரியாதையாகவே பேசினார். சங்கத்திலிருந்து வந்த குறிப்பைத்தான் போட்டோம், தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் திருத்தம் போடுகிறோம், நீங்கள் மொழிபெயர்த்தவர்தானே, பேசியவர் இல்லையே என்றார். சொன்னது நான்தான், என் வாயால் சொன்னேன் என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆகவே தலைவர் வீட்டுக்குப் போனேன். குளத்துக்குப் பக்கத்தில் அகலமான வீடு. கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நான் பொய் ஒண்ணும் சொல்லலையே அம்மா. நான் நம்பறதைத்தான் சொன்னேன்.”

“நீங்க நம்பறது வேற, ஐயா. அவங்க ஒத்துக்கிட்டதாப் போட்டிருக்காங்களே.”

“பத்திரிகைக்காரன் கொஞ்சம் கூட்டித்தான் போடுவான்.” காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். குரல் தாழ்ந்தது. “நான் சின்னவனா இருந்தப்போ காலேஜ்ல ஒரு துரை பாடம் சொல்லிண்டு இருக்கும்போது சொன்னான், உங்க கோயிலையெல்லாம் கட்டத் தெரிஞ்சவன் யாரோ வடக்கேருந்து வந்திருக்கணும்னு. நாங்க அத்தனை பேரும் எழுதிண்டோம். ஒருத்தரும் வாயைத் திறக்கலே. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியறது. நம்ம ஜனங்க நிமிர்ந்து உட்கார்றதை அன்னிக்குப் பார்த்தேளோ இல்லையோ? எங்கேயோ இருக்கற நாலு கல்லு நம்மளுதுன்னு சொன்னா யாருக்கு நஷ்டம்?”

அந்த வயதில் அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. “அந்தத் துரை உங்களுக்குப் பண்ணதைத்தானே ஐயா நாம அவங்களுக்குப் பண்றோம்?” என்றேன். “கட்டினவங்க பிள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. அதே பாஷைதான் பேசறாங்க. அந்தப் படத்தைத்தான் காட்ட விடலே.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீ சொல்றதுல நியாயம் இருக்கு. அடுத்த கூட்டத்துல நானே சொல்லிடறேன்” என்றார். உள்ளே கூப்பிட்டு எனக்கு வெற்றிலை பாக்கு, பழம் கொடுக்கச் சொன்னார். வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த கூட்டத்தில் சொன்னார். அவர் வாக்குத் தவறுகிறவர் அல்லர். போன மாதம் வந்த பத்திரிகைச் செய்தியைப் பற்றி நம்முடைய டீச்சரம்மா மிகவும் வருத்தப்பட்டார், அந்த அமெரிக்க மாது அதை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உண்மைதான் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்கள் எதையும் லேசில் வாயால் ஒப்புக்கொள்வார்களா என்றார் அடுத்தபடியாக. சபை சிரித்தது. அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிற ஒரு பெண் நம் ஊரில் இருப்பதே மயனுடைய சாமர்த்தியம் நம் ரத்தத்தில் இன்னும் ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சி என்று முடித்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் என்ன செய்வேன்? எழுந்து கும்பிட்டேன்.

அதற்குள் தலைமையாசிரியை ஒரு உபகாரம் செய்திருந்தார். பேச்சன்று முன்வரிசையில் இருந்தவர் அவர். அந்த அம்மாள் என்னை நம்பவில்லை என்று எப்படியோ கேள்விப்பட்டு, அடையாற்றுக்கு நேரே போய், நடந்ததை நடந்தபடி இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அம்மாள் கப்பல் ஏறுவதற்கு முந்திய வாரம் எனக்கு மறுபடியும் ஆள் வந்தது. இந்தத் தடவை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உன்மேல் சந்தேகப்பட்டது என் தப்பு என்றார். பெட்டிகளெல்லாம் கட்டியாகிவிட்டது, ஒன்றை மட்டும் உனக்காக வெளியே வைத்திருக்கிறேன் என்றார்.

காட்டப்படாமல் போன படங்கள் அவை. லாந்தர் இல்லை. ஒவ்வொரு கண்ணாடியையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். கத்தியால் காட்டை வெட்டிச் சாலையைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஆட்கள், வெள்ளைச் சட்டையில், குட்டையாக, உறுதியாக நின்றார்கள். ஒருத்தி சோளத்தை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தோரம் பூவேலை செய்த உடை. படம் எடுப்பவரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை, வேலை கெடுகிறதே என்று பார்த்தாள். பின்னால் ஒரு குடிசை. குடிசைக்குப் பின்னால் அந்தச் சாலையின் கல்சுவர், மேலே கொடி படர்ந்து.

எங்கே போனாலும் இதுதான் என்றார் அந்த அம்மாள். ஓர் ஊரில் எகிப்தியர்கள் கட்டியது என்கிறார்கள், ஒரு ஊரில் காணாமல்போன யூதர்கள் என்கிறார்கள், என் சொந்த ஊரிலேயே என் பாதிரியார் அப்படிச் சொல்கிறார், இங்கே நீங்கள். இவளுடைய ஆட்களைத் தவிர எல்லாரும் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றினார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் இல்லை.

அடுத்த வருஷம் அமெரிக்கா பாடம் வந்தபோது, அந்த ஒரு வரிக்கு ஒரு பீரியட் முழுக்க எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். கரும்பலகையில் ஏரிகளை வரைந்தேன், கோபுரத்தை வரைந்தேன், சாலைகளை வரைந்தேன். பெண்களின் பாடப்புத்தகங்களை வாங்கி மேஜைமேல் இரண்டு பக்கமும் அடுக்கி, உள்ளே நீட்டி நீட்டி, உச்சியில் ஒன்றை வைத்து மூடினேன். சரியவில்லை. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முன் பெஞ்சியில் ஒருத்தி, இதை மயன்தானே டீச்சர் கட்டினான், எங்கப்பா சொன்னார் என்றாள். இல்லை என்று ஆரம்பித்தேன். இன்னொருத்தி இது பரீட்சையில் வருமா என்று கேட்டாள். வராது என்றேன். பாதிப் பேர் பேனாவை மூடினார்கள்.

மூடாத பாதிப் பேருக்காகத் தொடர்ந்து சொன்னேன். அம்மியில் சோளம் அரைத்தவளிடம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. புத்தகங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தையல் வகுப்புக்கு ஓடினார்கள். மறுவாரம் இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதாக இருந்தது. பாடம் பின்தங்கியிருப்பதாகத் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். நான் கரும்பலகையை அழித்துவிட்டு மிசிசிப்பி ஆற்றை வரைய ஆரம்பித்தேன்.